நொடிக்கு 25, நொடிக்கு 25 ஆயிரம்

1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரில், இன்றைய கே.ஆர். மார்க்கெட் பகுதியில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. மின்சாரம் வந்தது காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து. அங்கிருந்த நீர்மின் நிலையம் 1902-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் முதல் மின்சாரம் போனது சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு. வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்கள் ஏராளமாக உழைத்த சுரங்கங்கள் அவை. பொன்னுக்குத்தான் முன்னுரிமை, பெங்களூர் மூன்று வருஷம் காத்திருந்தது. திட்டத்துக்கு வித்திட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901-லேயே காலமாகிவிட்டார்.

அந்த நிலையத்தில் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும். கூடவே காந்தம் சுழலும். பக்கத்துச் செம்புச் சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறையும். அந்த மாற்றம்தான் கம்பியில் மின்சாரத்தைத் தள்ளுகிறது. எவ்வளவு பெரிய காந்தமானாலும் சும்மா கிடந்தால் ஒன்றும் வராது. விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1831-இல் கண்டது இது. மாற்றம் வேகமாக நடந்தால் மின்னழுத்தமும் கூடும்.

சிவசமுத்திரத்தில் வேகம் நொடிக்கு 25 சுழற்சி. புலம் மெதுவாக மாறுவதால் டிரான்ஸ்பார்மருக்கு இரும்பும் செம்பும் கூடுதலாகக் கொட்ட வேண்டியிருந்தது. பல்பும் லேசாகச் சிமிட்டும். பிறகு நாடு முழுக்க 50 ஆனது.

இன்று பெங்களூரின் ஒரு பேயிங் கெஸ்ட் அறையில், கேஸ் இணைப்பு இல்லாத பையன் இன்டக்‌ஷன் அடுப்பில் நூடுல்ஸ் வைக்கிறான். கண்ணாடித் தட்டுக்கு அடியில் வட்டமாகச் சுற்றிய செம்புச் சுருள். அதன் காந்தப்புலம் நொடிக்கு 20 ஆயிரம் தடவைக்கு மேல் புரள்கிறது. 25 ஆயிரம் என்று வையுங்கள். 20 ஆயிரத்துக்குக் குறைந்தால் கீச்சென்ற சத்தம் காதில் விழும். இங்கே பாத்திரத்தின் அடிப்பாகமே இன்னொரு சுருளாகிறது. அதற்குள் மின்சாரம் சுழன்று சுழன்று பாத்திரத்தையே சூடாக்குகிறது. கண்ணாடி சுடுவதுகூடப் பாத்திரத்தின் சூட்டால்தான். உள்ளே டிரான்ஸ்பார்மர் உள்ள செல்போன் சார்ஜர் கைக்குள் அடங்குவதும் இதுபோன்ற வேகத்தால்தான்; 25 சுழற்சியில் ஓடினால் பல மடங்கு கனத்திருக்கும்.

விளம்பரங்கள் இந்த அடுப்பைப் புதுத் தொழில்நுட்பம் என்கின்றன. அது கொஞ்சம் மிகை. விதி பாரடே காலத்தது, வேகமாகத் திறந்து மூடும் சிலிக்கான் சுவிட்ச்தான் புதுசு.

அடுப்பு வாங்கியாயிற்று என்றால், பாத்திரக் கடைக்கு ஒரு சின்னக் காந்தத்தோடு போங்கள். அலுமினியம் வேலைக்காகாது, எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டாது. அடியில் காந்தம் கெட்டியாக ஒட்டினால் மட்டும் காசைக் கொடுங்கள்.