ஜின்னின் விளக்கும் சூரிய அடுப்பும்

சகோதரிகளே! மகளின் கையில் கதைப் புத்தகத்தைக் கண்டதும் "எல்லாம் பொய்" என்று பறித்து விடுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். கற்பனையிலும் வகை உண்டு.

அலாவுத்தீன் விளக்கைத் தேய்க்கிறான், ஜின் வருகிறது. எப்படி என்று கேட்க இடமில்லை. அது மாயாஜாலக் கதை. (ஜின்கள் உண்டென்பது நமது ஈமான், விளக்குக்கு அடிமையான ஜின் கதைக்காரரின் கற்பனை. இதைப் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்லுங்கள்.)

விஞ்ஞானக் கதையோ "எப்படி?" என்பதற்கு விடை தேடும். வங்காளத்து ரொக்கையா பேகம் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் மதராஸ் பெண்கள் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அதில் பெண்கள் சூரிய வெப்பத்தால் சமைக்கிறார்கள். பலூனில் குழாய் பொருத்தி மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள். மந்திரமில்லை, எல்லாம் பெண்கள் பல்கலைக்கழகங்களின் கண்டுபிடிப்பு. ஆண்களை வீட்டுக்குள் அடைத்திருப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை!

பாடசாலை வாசலையே மிதியாத ரொக்கையா, மூத்த சகோதரரிடம் வீட்டிலேயே ஆங்கிலம் கற்றவர். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் பெண்கள் பாடசாலை நடத்தத் தொடங்கினார்.

ஆயிரத்தோர் இரவுகளில் ஒரு கருங்காலிக் குதிரை வருகிறது. ஓர் ஆணியைத் திருகினால் வானில் ஏறும், மற்றதைத் திருகினால் இறங்கும். அது எந்த வகை? எனக்கே குழப்பந்தான். உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.