பற்கள் கூறும் சாட்சி

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் ஆட்டுச் சந்தைகளில் ஒரு காட்சியைக் காணலாம். விலை பேசுவதற்கு முன்பே, விவரமறிந்த பெரியவர்கள் கிடாயின் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். "இரண்டு பல் போட்டிருக்கிறதா?" என்பதே முதற்கேள்வி. குர்பானிக்குரிய வயதை அது அடைந்துவிட்டதா என்பதை, விற்பவரின் வாயைவிட ஆட்டின் வாய் உண்மையாகக் கூறிவிடும்!

வாசகர்களே! பற்கள் கூறுவது வயதை மட்டுமா? அப்பிராணி எதைத் தின்றது, எத்தகைய நீரைக் குடித்தது, அது வாழ்ந்த நிலம் செழித்திருந்ததா, வறண்டிருந்ததா என்பனவற்றையும் அவை கூறுகின்றன. பிராணி மாண்டு இலட்சக்கணக்கான ஆண்டுகள் கழிந்த பின்னரும் கூறுகின்றன. அவ்வாறு சாட்சி கூறிய பற்களும் எலும்புகளும் அரபு மண்ணிலேயே கிடைத்துள்ளன.

பல்லில் பதியும் வரலாறு

உடலிலுள்ள பொருள்களிலேயே மிகக் கடினமானது பல்லின் மேலுறையாகிய எனாமல். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனாமலோ ஒருமுறை உருவானபின் மாறுவதில்லை. எனவே, இளமையில் உண்டதையும் குடித்ததையும் பற்றிய செய்தியைப் பல் அப்படியே காத்து வைக்கிறது. பிற்கால வாழ்வின் செய்தியை எலும்பு தருகிறது.

இச்செய்தியைப் படிப்பது எப்படி? கார்பனில் இலேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. வெப்ப நாட்டுப் புற்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஏற்கும் அளவு வேறு. மர இலைகள் ஏற்கும் அளவு வேறு. அந்த வேறுபாடு, மேய்ந்த பிராணியின் பல்லிலும் பதிந்துவிடுகிறது. நீரிலுள்ள ஆக்சிஜனும் இப்படித்தான். கடும் வெயிலில் இலேசானது முந்தி ஆவியாகிவிட, கனமானது மிகுதியாக எஞ்சுகிறது. ஆகவே பல்லைச் சோதித்தால் அக்கால வறட்சியின் அளவும் தெரிந்துவிடும்.

பல்லின் வடிவமும் பேசும். புல்லிலுள்ள மணல் போன்ற நுண்துகள்கள் பல்லைத் தேய்ப்பவை. அத்தேய்மானத்தைத் தாங்குவதற்கென்றே குதிரை போன்ற பிராணிகளுக்கு உயரமான கடைவாய்ப் பற்கள் அமைந்துள்ளன. படைத்தவனின் ஏற்பாட்டை என்னென்பது!

நஃபூத் மணலுக்கு அடியில்

சவூதி அரேபியாவின் வடபகுதியில் நஃபூத் என்னும் பெரும் பாலைவனம் உள்ளது. கண்ணுக்கெட்டிய தூரம் மணற்குன்றுகளே. அதன் மேற்குப் பகுதியில் பழங்கால ஏரிப்படிவு ஒன்றிலிருந்து, சுமார் 3 முதல் 5 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய எலும்புகளும் பற்களும் கிடைத்தன. அவற்றுள் இன்று அழிந்துபோன யானை இனம் ஒன்றும், காட்டுக் கழுதையும், நீண்ட கொம்புகளையுடைய ஓரிக்ஸ் மானும் இருந்தன.

அப்பற்களைச் சோதித்த ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அப்பிராணிகள் பெரும்பாலும் புல்லையே உண்டிருந்தன. அன்றைய நஃபூத், இன்றைய கிழக்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளை ஒத்திருந்தது! அதே பாலைவனத்தில் வேறோர் இடத்தில் நீர்யானையின் எலும்புகளும் கிடைத்துள்ளன. வற்றாத நீர்நிலை இல்லாமல் நீர்யானை வாழ முடியாதன்றோ?

பூமியின் சுழற்சி அச்சிலும் சுற்றுப்பாதையிலும் நெடுங்காலத்துக்கு ஒருமுறை நேரும் மாற்றங்களால் பருவமழை வடக்கே நகர்ந்து, அரேபியாவை நனைத்த காலங்கள் உண்டு என்பது விஞ்ஞானிகளின் விளக்கம்.

இறுதி நாளுக்கு முன் அரபு நிலம் மீண்டும் மேய்ச்சல் வெளிகளும் ஆறுகளும் உடையதாக ஆகும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. 'மீண்டும்' என்ற சொல்லை ஊன்றிக் கவனியுங்கள். முன்னொரு காலத்தில் அது அவ்வாறு இருந்தது என்பதற்கு இன்று யானையின் பல்லும் சாட்சியாக நிற்கிறது!

கைபர் குகையில்

மதீனாவுக்கு வடக்கே, கைபரின் எரிமலைப் பாறைவெளியில் உம்மு ஜிர்ஸான் என்னும் நீண்ட குகை உள்ளது. எரிமலைக் குழம்பு ஓடி வடிந்ததால் உண்டான அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். சுமார் 7,000 ஆண்டுகளாகக் கழுதைப்புலிகள் இழுத்து வந்து சேர்த்த எலும்புகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. அவ்வட்டாரத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட செய்தி இது: கால்நடைகள் காட்டுப் புல்லையும் புதரையும் மேய்ந்தன, மனிதர்களின் உணவிலோ காலப்போக்கில் பாலைவனச் சோலைப் பயிர்கள் மிகுந்தன. நிலம் வறண்டபோதும் மனிதன் சோலை அமைத்து வாழ்ந்த கதையை எலும்புகள் எழுதி வைத்துள்ளன.

துப்பாக்கி செய்த கொடுமை

நிலம் பாலையானதும் யானை மறைந்தது, நீர்யானை மறைந்தது. அரபு ஓரிக்ஸ் மட்டும் நிலைத்து நின்றது. செடிகளிலுள்ள ஈரத்தைக்கொண்டே பல நாள்கள் நீரின்றி வாழும் ஆற்றலை அல்லாஹ் அதற்கு அருளியுள்ளான். கத்தாரின் தேசிய விலங்காகிய அதன் உருவத்தை வளைகுடாவில் பணிபுரியும் நம்மவர்கள் நன்கறிவார்கள்.

வறட்சிக்கு அசையாத அந்தப் பிராணி, மோட்டார் வாகனத்தில் துப்பாக்கியுடன் துரத்திய மனிதனுக்குத் தப்பவில்லை. 1972இல் ஓமானில் எஞ்சியிருந்தவையும் கொல்லப்பட்டன. கூடங்களில் வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்களை 1982இல் மீண்டும் ஓமான் பாலையில் விட்டார்கள். சவூதியும் பின்னர் அவ்வழியில் சென்றது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவை திறந்த வெளியில் திரிகின்றன என்பது ஆறுதல்.

மக்கா, மதீனா ஹரம் எல்லைகளுக்குள் வேட்டையைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. மறுமையில் கைகளும் கால்களும் சாட்சி கூறும் என்று நம்புகிறவர்கள் நாம். வாயில்லாப் பிராணிகளின் எலும்புகளும் இம்மையிலேயே சாட்சி கூறுவதைக் கண்டுவிட்டோம். மழை பொய்த்து மறைந்தவற்றுக்கு நாம் பொறுப்பல்லர்; நம் கை பட்டு மறைந்தவற்றுக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதை இன்றே எடுத்துச் சொல்வோமாக!