மோதிரத்தில் மாணிக்கம், சாணையில் குருந்தம்: இரண்டும் ஒரே கல்லா?

“சாணை புடிக்கிறதேய்…” என்று குரல் கேட்டதும் கத்தியையும் அரிவாள்மணையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சாணைச் சக்கரம் அரக்கையும் ஒரு கல்லின் பொடியையும் கலந்து செய்தது. அந்தப் பொடியும், பக்கத்து வீட்டு அம்மா மோதிரத்தில் மின்னும் சிவப்புக் கல்லும் ஒரே கனிமம். அதன் பெயர் குருந்தம்.

அது எப்படிங்க? குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினியம் ஆக்சைடு. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அதில் துளி குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம் ஆகிவிடும். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலக்கல். இரும்பு மட்டும் என்றால் பெரும்பாலும் மஞ்சள். ஜோசியர்கள் சொல்லும் கனக புஷ்பராகம் இதுதான். ஆக, நவரத்தினத்தில் மூன்று இடத்தை இந்த ஒரே கனிமம் பிடித்துக்கொள்கிறது. தெளிவும் நிறமும் வாய்த்த கல் நகைக்குப் போகும். கலங்கலான, சாம்பல் நிறக் கல் பொடியாகிச் சாணைக்குப் போகும்.

இரண்டு வேலைக்கும் காரணம் அதன் கடினத்தன்மைதான். ஜெர்மன் அறிஞர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. (ஒரு படிதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம், உண்மையில் வைரம் பல மடங்கு கடினமானது.) நம் வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ், 7. அதனால்தான் தினமும் போட்டுத் துடைக்கிற மோதிரத்தில் கண்ணாடிக் கல் சில வருஷத்தில் மங்கிப்போகிறது, மாணிக்கம் மங்குவதில்லை. ஆனால் கீறாது என்பது வேறு, உடையாது என்பது வேறு. ஓங்கித் தரையில் அடித்தால் மாணிக்கமும் உடையும்.

பெயர் போன பாதை

ஆங்கிலத்தில் இதை ‘கொரண்டம்’ என்கிறார்கள். அந்தச் சொல் தமிழின் ‘குருந்தம்’ என்பதிலிருந்து வந்தது என்றே ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. மாணிக்கத்தில் ஒரு வகைக்குக் குருவிந்தம் என்ற பழைய பெயரும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன கற்களை ஆராய்ந்து சார்லஸ் கிரெவில் 1798-ல் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதினார். அதன்பிறகு ஐரோப்பிய அறிவியலில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கம் இருக்கும் சித்தம்பூண்டியில் இன்றும் குருந்தம் பொதிந்த பாறைகள் உண்டு. அனார்த்தசைட் எனப்படும் அந்தப் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையைப் போன்றது. சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோ மண் தயாரித்தது அந்த ஊர்ப் பாறையில்தான்.

பெயரின் பயணம் அதோடு முடியவில்லை. அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் 1891-ல் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சூடேற்றியபோது பளபளக்கும் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் குருந்தமும் சேர்ந்துவிட்டது என்று நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு, அதில் குருந்தமே இல்லை! ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1954-ல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கியபோது, அந்தத் தமிழ்ச் சொல் உருமாறி ஊருக்கே திரும்பி வந்தது. இன்று சாணைச் சக்கரத்துக்கும் உப்புத்தாளுக்கும் சுரங்கத்துக் கல் பெரிதாகத் தேவையில்லை. பாக்சைட்டை மின் உலையில் உருக்கிக் குருந்தத்தைத் தயாரித்துவிடுகிறார்கள்.

செயற்கை என்றால் போலியா?

நகைக்கடையில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். பிரான்ஸின் ஆகஸ்ட் வெர்னாய், அலுமினா பொடியைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். பழைய கைக்கடிகாரத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்குமே, அந்தக் கற்கள் இப்படிச் செய்தவைதான். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல அவற்றை வைத்தார்கள்.

செயற்கை மாணிக்கம் கண்ணாடி இல்லை. அதுவும் அசல் குருந்தம். அதே கடினம், அதே எடை. “கீறிப் பாருங்க, கண்ணாடியையே அறுக்கும்” என்று கடைக்காரர் காட்டினால் அதை வைத்து இயற்கைக் கல் என்று முடிவு கட்ட முடியாது. உள்ளே வளைந்த கோடுகளா, குமிழ்களா, ஊசி போன்ற இழைகளா என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிப்பார்கள். விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது. விரிசல் விழுந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிவிடுவார்கள். பார்க்க ஜம்மென்று இருக்கும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துப்போகும். வெறும் சூடேற்றி நிறம் கூட்டிய கல் அப்படியல்ல. அது காலங்காலமாக நடக்கிற, வியாபாரத்தில் ஏற்றுக்கொண்ட விஷயம். சொல்லி விற்றால் தப்பில்லை.

ஹால்மார்க் இருக்கே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு இல்லை. பில்லில் தங்க எடையும் கல் எடையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்லுக்குத் தங்க விலை கொடுத்துவிடக் கூடாது. கல்லுக்கான காரட் எடைக் கணக்கு, 1 காரட் 200 மில்லிகிராம். 22 காரட் தங்கத்தில் சொல்லும் காரட் தரக் கணக்கு. இயற்கையா, செயற்கையா, சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய தொகை என்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் சிவப்புக்கல் மோதிரம் இருந்து, வளையம் பெரிதாக்கப் பத்தரிடம் கொடுப்பதாக இருந்தால், கல்லைக் கழற்றிவிட்டு நெருப்பு வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி நிரப்பிய கல்லாக இருந்தால் அந்தச் சூடே அதைக் கெடுத்துவிடும்.