வீட்டுத் தோட்டத்தில் அகழான்: அறிதலும் அகற்றலும்

பயிரைக் கெடுக்கும் உயிரை விலக்க முற்படுவோர் முதற்கண் அதன் பெயரையும் இயல்பையும் ஐயமின்றி அறிதல் வேண்டும். நோய் இன்னதெனத் துணியாது மருந்து கொடுத்தலும், விலங்கு இன்னதெனத் தெளியாது நஞ்சு வைத்தலும் ஒரு தன்மையனவே. திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில், வளவிலே கிழங்கும் வாழையும் தென்னம்பிள்ளையும் வைத்துப் பேணும் குடும்பங்கள் ஆண்டுதோறும் காணும் தொல்லை ஒன்றுண்டு. இரவில் நிலம் அகழப்படுகின்றது. விடியலில் பாத்தியோரத்தில் புது மண் குவிந்து கிடக்கின்றது. நேற்றுச் செழித்து நின்ற மரவள்ளி இன்று வாடித் தலைசாய்கின்றது. இதனைச் செய்யும் விலங்கு யாது, அதனை அகற்றும் நெறி யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

பெயரால் விளையும் மயக்கம்

தோட்டக்கலை பற்றிய ஆங்கில நூல்கள் பலவும் இத்தகைய மண்குவியலைக் கண்டவுடன் ‘மோல்’ என்னும் விலங்கையே குற்றஞ்சாட்டும். தமிழில் அதனை அகழெலி என்பர். ஆயினும் அஃது எலியினத்தைச் சார்ந்ததன்று. மூஞ்சூற்றுக்கு உறவான ஊனுண்ணி. கரிய பட்டுப்போன்ற மயிரும், மண்ணுள் மறையுமளவு சிறுத்த கண்ணும், மண்வெட்டி போல் அகன்ற முன்கையும் உடையது. மண்புழுவையும் புழுபூச்சிகளையும் உண்டு வாழ்வது. இங்கிலாந்தின் அரசர் மூன்றாம் வில்லியம் 1702ஆம் ஆண்டு குதிரையினின்று வீழ்ந்து இறந்தார். குதிரை இவ்விலங்கின் மண்மேட்டில் இடறியது என்பது வழக்கு. அதனால் அவருடைய பகைவர் ‘கருவெல்வெட்டு அணிந்த சிறு கனவானுக்கு’ வாழ்த்துக் கூறி மது அருந்தினர் என்பர்.

ஐரோப்பாவில் இத்துணைப் புகழ்பெற்ற அவ்விலங்கு இலங்கைத்தீவில் இல்லை. ஆகவே, மேனாட்டு நூல்கள் அதற்கெனக் கூறும் மருந்துகளை நம் வளவில் இடுதல் பயனற்றது. புழுவுண்ணும் விலங்கிற்கு வகுத்த வழி, கிழங்குண்ணும் விலங்கிற்கு எங்ஙனம் பொருந்தும்?

நம் தோட்டங்களை அகழ்வன பெருச்சாளி இனத்தன. அவற்றுட் சிறியதனை ஈழத்து மக்கள் அகிளான் என்பர். அகழான் என்பது அதன் திருந்திய வடிவம். ‘அகழ்’ என்னும் வினையடியாகப் பிறந்த இப்பெயர் அவ்விலங்கின் தொழிலை ஒரே சொல்லில் உணர்த்துகின்றது. விலங்கியலார் இதனைப் பண்டிகோட்டா பெங்காலென்சிசு என்பர். ஆங்கிலத்தில் இதற்கு ‘மோல் எலி’ என்றும் ஒரு பெயர் இருந்தமையே மயக்கத்திற்கு ஒரு காரணம் எனலாம். மற்றொன்று பெரும் பெருச்சாளி. பண்டிகோட்டா இண்டிக்கா எனப்படுவது. ‘பண்டிகூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ தெலுங்கிலுள்ள ‘பந்திகொக்கு’ என்பதன் திரிபு. பன்றியெலி என்பது அதன் பொருள். சினங்கொள்ளும்போது முதுகுமயிர் சிலிர்த்து உறுமும் இயல்பினால் அப்பெயர் ஏற்புடைத்தாயிற்று.

அடையாளங்கள்

அகழானின் உடல் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபத்து மூன்று சென்றிமீற்றர் நீளம் உடையது, வால் உடலினுங் குறுகியது, முகம் மழுங்கியது. பெரும் பெருச்சாளியின் வால் ஏறத்தாழ உடலளவு நீளும். நன்கு வளர்ந்தது ஒரு கிலோகிராம் எடையும் எய்தும். அகழானின் வளைவாயிலில் தளர்ந்த மண் விசிறிபோற் பரந்து கிடக்கும். வளைக்குள் இருக்கும்போது வாயிலை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்வது அதன் வழக்கம். உள்ளே கிளைவழிகளும், உணவு சேமிக்கும் அறைகளும், இடர்வந்துழி வெளியேறுதற்கென மெல்லிய மண்மூடியுடைய மறைவாயில்களும் அமைந்திருக்கும். வளர்ந்த அகழான் பெரும்பாலும் வளைக்கொன்றாகத் தனித்தே வாழும். தாயும் குட்டிகளும் உள்ள வளை இதற்கு விலக்கு.

மூஞ்சூறு இக்குற்றத்திற் பங்கில்லாதது. நீண்டு கூர்த்த மூக்கும், கடுநாற்றமும், கீச்சென்ற ஒலியும் உடைய அவ்வுயிர் கரப்பானையும் பூச்சிகளையும் உண்பது. அகழானெனக் கருதி அதனை அடித்துக் கொல்வோர் தம் தோட்டத்துக் காவலாளியைத் தாமே கொன்றவராவர். இலங்கைக்கே உரிய மூஞ்சூற்றினங்களும் உள என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. துறைமுகப் பட்டினங்களில் கப்பல் வழியாக வந்து பரவிய பழுப்பெலியும் வளை தோண்டும். ஆயினும் அது சாக்கடையையும் பண்டசாலையையும் சார்ந்து வாழ்வது. பாத்தியைச் சார்ந்து வாழும் அகழானினின்று நீண்ட உடலாலும், அது நடமாடும் இடத்தாலும் அதனைப் பிரித்தறியலாம்.

நிலமும் காலமும்

துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் ஒரு தன்மைத்தன்று. உப்புவெளியும் நிலாவெளியும் கடலோர மணற்பாங்கின. தம்பலகாமமும் கந்தளாயும் வயல் சூழ்ந்தன. மூதூர்ப்பக்கம் மகாவலி கொட்டியாரக்குடாவிற் கலக்கும் வண்டற்றாழ்நிலம். அகழான் ஈரமும் இறுக்கமும் உள்ள மண்ணையே விரும்பும். வயல்வரம்பு அதன் இயற்கையான இருப்பிடம். ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவமழை பொழிந்து வயல் நீரில் மூழ்க, வரம்பிலிருந்தவை மேட்டுநிலம் நாடும். மாசி, பங்குனியிற் பெரும்போக அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும்போது உணவு தேடி மீண்டும் ஊருக்குள் வரும். கோடையில் எங்கும் காய்ந்திருக்க, நாள்தோறும் நீர் பாய்ச்சப்படும் வீட்டுப் பாத்தியே அதற்குப் பசுந்தீவாகின்றது. மணலூரிலும் நீர்பாய்ந்த பாத்தி, மதிலடி, வேலி வேர் ஆகிய இடங்களிலேயே வளை நிலைபெறுவதன் காரணம் இதுவே.

அங்ஙனம் வந்தது மரவள்ளி, வற்றாளை, இராசவள்ளி, கச்சான், பனங்கிழங்குப் பாத்தி ஆகியவற்றையும் தென்னம்பிள்ளையின் குருத்தையும் தாக்கும். அதன் கருக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேற்பட்டதே. ஓர் ஈற்றில் பத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறத்தலும் உண்டு. ஒரு வளவில் நான்கைக் கொன்று மகிழ்ந்திருப்போர் அடுத்த மாதமே ஏமாற்றமடைவது இதனாலேயே.

நோயும் உயிரும்

கிழங்கிழப்பு சிறிது, உயிரிழப்பே பெரிது. எலியினங்களின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரா நோயைப் பரப்பும். கிருமி, காலிலுள்ள சிறு புண்ணின் வழியாகவும் கண், வாய் முதலியவற்றின் மென்றோல் வழியாகவும் உட்புகும். செருமானிய வைத்தியர் அடொல்ப் வைல் 1886இல் இந்நோயின் கடுவடிவை விரித்துரைத்தார். இலங்கையில் 2008ஆம் ஆண்டு 7000க்கும் மேற்பட்டோர் இந்நோயுற்றனரென ஐயுறப்பட்டது. 2024 டிசம்பரில், பெருவெள்ளத்தின் பின், யாழ்ப்பாண மாவட்டத்திற் பரவிய காய்ச்சல் சில நாட்களிலேயே பல உயிர்களைக் கவர்ந்தது. முதலில் இன்னதென விளங்காதிருந்து, பின்னர் எலிக்காய்ச்சலென உறுதிப்பட்டது.

ஆகவே, மாரிகாலத்தில் வெறுங்காலுடன் வளவைக் கொத்துதலும், புண்ணுள்ள கையால் வளைமண்ணை அள்ளுதலும் தவிர்க்கத்தக்கன. காய்ச்சலுடன் கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்பன தோன்றின், வைத்தியசாலைக்கு விரைந்து சென்று, சேற்றில் வேலை செய்தமையையும் கூறுதல் வேண்டும். அந்தவொரு சொல் வைத்தியரைச் சரியான வழியிற் செலுத்தும். காலத்தே கொடுக்கப்படும் மருந்தால் இந்நோய் தீரும். வயலிற் பணிபுரிவோர்க்குச் சுகாதாரப் பகுதியினர் வாரந்தோறும் வழங்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை அவர்தம் அறிவுரைப்படி உட்கொள்ளுதலும் நலம்.

அகற்றும் நெறிகள்

முதல் நெறி இடங்கொடாமை. தென்னோலைக் குவியல், பொச்சுமட்டை, அடுக்கிய விறகு, அடர்ந்த புதர் ஆகியன அகழானுக்கு அரண். இவற்றை நிலத்தினின்று உயர்த்தி அடுக்குதலும், கோழித்தீனை இரவில் மூடிவைத்தலும், வீழ்ந்த தேங்காயை உடன் பொறுக்குதலும் செலவில்லாக் காவல். நாற்றுமேடையையும் கிழங்குப்பாத்தியையும் சுற்றி, நெருங்கிய கண்ணுள்ள கம்பிவலையை இரண்டடி ஆழம் புதைத்து, அடிவிளிம்பை வெளிப்புறமாக மடித்துவிடின், தோண்டி வருவது மடிப்பிலே தடைப்படும்.

இரண்டாவது, உயிருள்ள வளையை அறிதல். மாலையில் எல்லா வாயிலையும் மண்ணால் மூடி, மறுநாட் காலையில் நோக்குதல் வேண்டும். மீளத் திறக்கப்பட்டவையே அகழான் வாழும் வளைகள். இச்சிறு சோதனையைச் செய்யாதோர் வெறும் வளைகளை வெட்டியே களைப்பர்.

மூன்றாவது, வெட்டிப் பிடித்தல். மறைவாயில்களை முன்னரே கண்டு அடைத்து, அலவாங்காலும் மண்வெட்டியாலும் வளையைத் தொடர்ந்து செல்லுதல் பழைய முறை. தமிழ்நாட்டுச் செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் மட்பானையில் வைக்கோலைப் புகைத்து, அப்புகையை வளையுள் ஊதி எலியைப் பிடிப்பதிலும், அது சேமித்த நெல்லை அறையறையாக மீட்பதிலும் கைதேர்ந்தவர். எலியைக் கொல்வதோடு அமையாது, இழந்த தானியத்தையும் திரும்பப்பெறும் முறை இஃதொன்றே. வளையுள் வெறுங்கையை விடுதல் எக்காலத்தும் ஆகாது. எலிவளையில் நாகமும் விரியனும் குடிபுகுதல் உண்டு. வளையுள் நீர் ஊற்றுதல் இறுகிய மண்ணிற் பயன்தரலாம். உப்புவெளி மணலிலோ குடங்குடமாக ஊற்றினும் நீர் கீழிறங்கி மறையுமேயன்றி வளை நிரம்பாது.

நான்காவது, பொறி. எலிக்கூட்டினுள் சுட்ட தேங்காய்ச்சொட்டோ கருவாடோ வைத்து, முதல் இரண்டு மூன்று இரவு கதவு விழாதபடி கட்டிவிடுதல் வேண்டும். புதுப்பொருளைக் கண்டு அஞ்சும் இயல்புடைய விலங்கு பழகியபின், கட்டை அவிழ்த்தாற் பொறி தவறாது. அது நாளும் செல்லும் தடத்தின் மேலேயே கூட்டை வைத்தல் முறை. இறந்த உடலைக் கையுறையின்றித் தொடாது, ஆழப் புதைத்தல் வேண்டும். ஒலியெழுப்பி விரட்டும் எனக் கூறி விற்கப்படும் கருவிகளின் பயன் இன்னும் நிறுவப்படவில்லை.

நஞ்சின் நன்மையும் தீமையும்

நாகபொசுபைட்டு என்னும் கரிய தூள் இரைப்பையின் அமிலத்தோடு கூடிப் பொசுபீன் என்னும் நச்சுவாயுவை வெளியிட்டுக் கொல்லும். அதற்கு மாற்று மருந்து இல்லை. உண்டு தப்பிய எலி அதனை மறுபடி தீண்டாது. குழந்தையும் பூனையும் கோழியும் உலவும் வீட்டு வளவிற்கு இஃது ஏற்றதன்று. வளையுள் இடும் அலுமினியம்பொசுபைட்டு மாத்திரையும் அவ்வாயுவையே தரும். அது மணலிற் கசிந்து வீணாவதோடு வீட்டினுள்ளும் புகக்கூடுமாதலின், குடியிருப்பினருகே அறவே விலக்கத்தக்கது.

குருதி உறைதலைத் தடுக்கும் நஞ்சுகளின் வரலாறு வேறு. 1920களில் வட அமெரிக்காவிற் கெட்டுப்போன இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி கசிந்து இறந்தன. விசுகொன்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் பவுல் லிங்க் அதன் காரணப்பொருளைப் பிரித்தறிந்தார். அவ்வாராய்ச்சி வழி வந்த வார்பரின் 1948இல் எலிநஞ்சாக வெளிவந்தது. பின்னர் அதுவே மனிதர்க்கும் மருந்தாயிற்று. இதற்கு விற்றமின் கே மாற்றாக உண்டு. எலியும் பன்னாள் உண்டபின்னரே இறப்பதால் ஐயுறுவதில்லை. ஆயினும் 1958இலேயே இசுக்கொத்துலாந்தில் இந்நஞ்சுக்கு அடங்காத எலிகள் காணப்பட்டன. அதன்பின் வந்த கடுநஞ்சுகள் இறந்த எலியின் உடலில் நெடுநாள் தங்கி, அதனையுண்ணும் கூகையையும் கொல்லுகின்றன. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்றவற்றையன்றி, பெயரிடாத பொட்டலத்தில் விற்கப்படும் எதனையும் வாங்கலாகாது.

இயற்கைக் காவலர்

கூகை, சாரைப்பாம்பு, கீரி ஆகியன கூலியின்றிக் காக்கும் காவலர். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிற் கூகைக்கு மரக்கூடமைத்து எலியைக் கட்டுப்படுத்தும் முறை 1980கள் முதல் பரவியது. நம்மவரோ கூகையின் குரலைத் தீக்குறியென்று கல்லெறிந்தும், நஞ்சில்லாச் சாரையைக் கண்டவிடத்து அடித்தும், தம் துணையைத் தாமே இழக்கின்றனர். ஒரு சாரை கொல்லப்பட்ட வளவில் அகழான் அச்சமின்றிப் பெருகும்.

கூட்டு முயற்சி

ஒரு வளவின் வேலி அகழானுக்கு எல்லையன்று. ஒருவர் வெட்டிய வளையினின்று ஓடியது அயலவர் பாத்தியிற் குடியேறும். அயலவர் வாளாவிருப்பின் சில வாரத்தில் அதன் குட்டிகள் திரும்பிவரும். துறைமுகங்கள் இவ்வுண்மையை நெடுங்காலத்துக்கு முன்னரே கற்றன. 1914இற் கொழும்பிற் கொள்ளைநோய் தோன்றியபோது எலி ஒரு வீட்டார் சிக்கலன்று, ஊரின் சிக்கல் என்பது புலனாயிற்று. 1926ஆம் ஆண்டின் அனைத்துநாட்டுச் சுகாதார உடன்படிக்கை கப்பல்கள் எலியகற்றற் சான்றிதழ் பெறவேண்டுமென விதித்தது. 2007 முதல் அதனிடத்தில் கப்பற் சுகாதாரச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. கப்பலைப் பிணிக்கும் வடத்தில் வட்டத்தட்டு மாட்டி எலியைத் தடுக்கும் வழக்கம் துறைமுகத்தில் வாழ்வோர் அறியாததன்று. கடலிற் பயின்ற அவ்வொழுங்கு கரையிலும் வேண்டும். மாரி தொடங்குமுன் ஓர் ஒழுங்கையார் அனைவரும் ஒரே வாரத்தில் வளையை மூடிச் சோதித்து, வெட்டியும் பொறிவைத்தும் முயல்வாராயின், நஞ்சின்றியே பெரும்பயன் கிட்டும்.

கயமுகாசுரன் பெருச்சாளி வடிவெடுத்து எதிர்த்தபோது விநாயகப்பெருமான் அதனை அழித்தொழிக்காது அடக்கி ஊர்தியாக்கினார் எனப் புராணம் கூறும். அகழானை உலகினின்றே ஒழித்தல் இயலாது, வேண்டுவதும் அன்று. வயல்வரம்பிலும் காட்டிலும் அதற்கும் ஓரிடம் உண்டு. கிழங்குப் பாத்தியினின்றும் குழந்தைகள் கால்பதிக்கும் முற்றத்தினின்றும் அதனை விலக்கிவைத்தலே வீட்டுக்காரர் கடமை. அவ்விலக்கு அறிவாலும் அயலவர் ஒற்றுமையாலும் அமையும்போது கிழங்கும் நிலைக்கும், கூகையும் நிலைக்கும், உயிரும் நிலைக்கும்.