உங்களுக்குத் தெரியுமா? தங்கத்துக்கு வழிகாட்டிய பழங்குழிகள்

கோலார் தங்கவயலின் வளமான 'சாம்பியன்' தங்க ரேகையைக் காட்டிக்கொடுத்தவை, முன்னோர் தோண்டிக் கைவிட்ட பழங்குழிகளே!

• 1802-ல், ஊரார் சொன்ன தங்கக் கதையைக் கேட்டுத் தேடிவந்தார் ஆங்கிலப் படை அதிகாரி ஜான் வாரன். உரிகம் கிராமத்தார் மண்ணை அலசி, அவர் கண்முன்னே தங்கத்துகளை எடுத்துக்காட்டினர்.

• 1880-களில் மைசூர் சுரங்கக் கம்பெனியின் முதல் கரைந்து, மூடும் நிலை. பழங்குழிகளைத் தொடர்ந்து கீழே போனபோதுதான் ரேகை சிக்கியது. பின்னாளில் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்து வெக்கையில் உழைத்தவர்களில் வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் ஏராளம்.

• ஆழத்துப் பாறை வெடிப்புகளில் ஏறிய வெந்நீர் கரைத்துவந்த தங்கம், குவார்ட்ஸ் கல்லோடு படிந்ததே ரேகை.