சர்க்கார் வீட்டு முருங்கையும் சாலையோர நாவலும்

டில்லியில் மே மாதத்து 'லூ' காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் நடுப்பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. ஆனால் காலை ஐந்தரை மணிக்கு ராமகிருஷ்ணபுரம், லோதி காலனிப் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸின் தரைத்தள வீடுகளைப் பார்க்க வேண்டும்! ஆபீஸ் போகுமுன் தொரட்டியும் பையுமாக நம்மவர்கள் முருங்கையடியில் நிற்பார்கள்.

கொல்லையில் நாலு முழ இடம் இருந்தால் போதும். கறிவேப்பிலை, முருங்கை, இரண்டு பாத்தி வெண்டை, கம்பியில் ஒரு சுரைக்கொடி வந்துவிடும். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நார் ஏறிவிடும். செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். சுரைக்காயில் நகம் இறங்கினால் இளசு.

கறிவேப்பிலை இங்கே குளிருக்கு இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பட்டுப்போய்விட்டது என்று வெட்டிவிடுவது உண்டு. பாவம், பங்குனி வரை பொறுத்திருந்தால் துளிர்த்திருக்கும்.

முருங்கைக்காய் சித்திரையில் தொங்கும். மரத்தில் ஏறக் கூடாது. கொம்பு சொல்லாமல் முறியும். பூவைப் பக்கத்து வீட்டு வடக்கத்தி அம்மாள் கேட்டு வாங்கிப் போவார். அவர்கள் அதைப் பொரியல் செய்கிறார்கள். பதிலுக்கு அவர்கள் வீட்டு மாங்காய் வரும். மாங்காயைக் காம்போடுதான் பறிக்க வேண்டும். பால் வழிந்தால் காய் கறுக்கும், கையும் பொத்துப்போகும்.

விரிப்பில் விழும் நாவல்

ஆனி மழை இறங்கியதும் நாவலின் முறை. 1931-ல் திறப்பு விழா கண்ட புது டில்லியில் சாலைக்கொரு மரமாகத் தேர்ந்து நட்டார்கள். அசோகா ரோடு, துக்ளக் ரோடு, 2022-ல் கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாறிய ராஜபாதை எல்லாம் நாவல்தான். காயாகப் பறித்தால் இது பழுக்காது. பழுத்து விழுந்தால் சிதறிவிடும். அதனால் நான்கு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மேலே ஏறிக் கொம்பை உலுக்குவார். நாவல் கொம்பும் முருங்கைபோல் முறிவதுதான். மழை ஈரத்தில் ஏறுகிறவரின் உயிர் அதில் ஊசலாடுகிறது. கீழே கறுப்பு உப்புத் தூவி வாங்கித் தின்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நகராட்சி இந்தப் பழத்தைக் குத்தகைக்கு விடுவது நெடுநாள் வழக்கம். ஆகவே மரத்தில் கைவைத்தால் குத்தகைக்காரர் சண்டைக்கு வருவார். நடைபாதையில் விழுந்ததைப் பொறுக்கும் குழந்தைகளை யாரும் தடுப்பதில்லை.

காலி செய்யும் நாள்

வீட்டு மரமும் நட்டவருக்குச் சொந்தமில்லை. ரிட்டயர் ஆனால் சில மாதங்களில் சாவியை ஒப்படைக்க வேண்டும். இருபது வருஷம் தண்ணீர் ஊற்றிய மரம் அடுத்து வருபவருக்கு. இதுவரை அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. தமக்கு முன்னிருந்தவர் வைத்த மரத்தில் தாமும் பறித்தவர்கள்தானே!

2016-ல் சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடியாகக் கட்ட மத்திய அரசு முடிவு செய்தது. 2018 ஜூனில் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துப் போராடினார்கள். டில்லி உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. அதற்குள் பல மரங்கள் போய்விட்டன.

காலி செய்கிறவர்கள் கறிவேப்பிலையின் பக்கக் கன்றைப் பெயர்த்து டால்டா டின்னில் எடுத்துப் போகிறார்கள். அது மாடித் தொட்டியிலும் பிழைக்கும். முருங்கைப் போத்து ஆடி மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்குத் தரை வேண்டும்.