முகவிளக்கின் இணைப்பு உருகுவதேன்?

டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை, ஹோல்புறூக், லிந்துலை ஆகிய இடங்களைக் கடந்து தலவாக்கலைக்கு இறங்கும் பாதையில், மாலை நான்கு மணிக்கே முகவிளக்கை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துவரும் வண்டிகளைக் காணலாம். ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்துத் தோட்டங்கள் அவை. தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் நண்பகலிலேயே மூடுபனி இறங்கித் தேயிலைச் செடிகளின்மேல் படிந்துவிடும். அவ்வேளையில் பத்து முழத்துக்கு அப்பால் வருவது லொறியா, கொழுந்துக் கூடையுடன் வருகின்ற பெண்ணா என்று சொல்ல இயலாது. ஆகவே மலைநாட்டு வண்டிக்கு முகவிளக்கு இரவுக்கு மட்டும் உரிய பொருளன்று, பகலுக்கும் வேண்டியதாகும்.

தோட்டத்து லயங்களில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டாலோ, ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை எழுந்தாலோ, பெரும்பாலும் அயலில் உள்ள ஒருவருடைய வானையோ முச்சக்கர வண்டியையோதான் தட்டி எழுப்பவேண்டியிருக்கிறது. அந்த வண்டியின் விளக்குகளில் ஒன்று வளைவில் திடீரென அணைந்து போனால், பள்ளத்தின் ஓரம் எது, பாதை எது என்பது தெரியாமற் போய்விடும். இத்தகைய இடத்தில், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றின் நலிவு சிறிய காரியம் ஆகாது.

அந்த நலிவு தன்னை வெளிப்படுத்தும் விதம் சற்று விசித்திரமானது. முதலில் ஒரு விளக்கு மங்குகிறது. பின்பு குலுக்கத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. சாரதி பல்பு பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதியதொன்றை வாங்கிப் போடுகிறார். அது சில நாள் நன்றாக எரிகிறது, மறுபடியும் அணைகிறது. மூன்றாம் முறை கழற்றிப் பார்க்கும்போதுதான், பல்பின் பின்புறத்தில் செருகப்படும் சொக்கட் பழுப்பேறி, ஒரு துளை நெளிந்து, கருகிய நாற்றம் வீசுவதைக் காண்கிறார். சில வேளை சொக்கட் பல்போடு ஒட்டிக்கொண்டு கழலவே மறுக்கும்.

இந்தச் சொக்கட்டின் அமைப்பு எளியது. மூன்று தகட்டு முனைகளைக் கவ்விக்கொள்ளும் மூன்று பித்தளைக் கவ்விகள் அதனுள் இருக்கின்றன. ஒரு முனை, மேல்நோக்கிப் பாயும் நீண்ட ஒளிக்கு. மற்றொன்று, சாரதிகள் ‘டிம்’ என்று சொல்லும் தாழ்ந்த ஒளிக்கு. மூன்றாவது, இரண்டுக்கும் பொதுவானது. 1940ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களில் வந்த, கண்ணாடியும் இழையும் ஒன்றாக மூடப்பட்ட ஏழு அங்குல வட்ட விளக்கிலேயே இந்த மூன்று முனை அமைப்பு இடம் பெற்றுவிட்டது. 1971இல் ஐரோப்பாவில் ‘எச் 4’ என்ற இரட்டை இழை ஹலஜன் பல்பு அறிமுகமானபோதும் அதே செருகு முறை தொடர்ந்தது. மலைநாட்டுப் பாதைகளில் இன்று ஓடும் சிறு கார்களிலும் வான்களிலும் பெரும்பகுதி இந்த எச் 4 பல்பையே தாங்கி நிற்கின்றன.

அதில் உருகுமளவு வெப்பம் எவ்வாறு பிறக்கிறது? பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியில் 60 வாற்று இழை எரியும்போது ஏறத்தாழ 5 அம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது. மின்னோட்டம் ஒரு தடையைக் கடக்கையில் எழும் வெப்பம், தடையின் அளவையும் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது என்பது 1841இல் ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல் வெளியிட்ட விதி. கவ்வி இறுக்கமாகவும் துலக்கமாகவும் இருக்கையில் அங்குள்ள தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் சில பங்கே. ஐந்து பங்கு என்று கொண்டால், பிறக்கும் வெப்பம் ஒரு வாற்றின் எட்டில் ஒரு பங்கு. அது கண்ணுக்கும் கைக்கும் தெரியாது. ஆனால் கவ்வி தளர்ந்து, பச்சை பிடித்து, தடை ஓர் ஓமின் ஐந்தில் ஒரு பங்காக உயர்ந்துவிட்டால், அதே 5 அம்பியர் அவ்விடத்தில் 5 வாற்று வெப்பத்தைச் சொரிகின்றது. சுண்டுவிரல் நகமளவான தகட்டில், காற்றோட்டமற்ற இறப்பர் மூடிக்குள், சூடான பல்பின் முதுகில் சேரும் 5 வாற்று அது. வெப்பம் ஏறினால் பித்தளையின் வில்விசை குன்றுகிறது. வில்விசை குன்றினால் பிடி மேலும் தளர்கிறது. பிடி தளர்ந்தால் தடை கூடுகிறது. தடை கூடினால் வெப்பம் இன்னும் ஏறுகிறது. கடன்பட்டவன் வட்டிக்குக் கடன் வாங்குவது போன்ற சுழற்சி இது.

இதில் வேறோர் இழப்பும் உண்டு. அந்த இணைப்பிலேயே ஒரு வோல்ற்று வீணாகிவிடுவதால் பல்புக்குக் கிட்டுவது குறைகிறது. வோல்ற்றளவு பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்தால் இழை விளக்கின் வெளிச்சம் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்துவிடும். கண் மங்கிவிட்டதோ என்று ஐயுறும் சாரதி, கண் வைத்தியரிடம் போகுமுன் இந்தச் சொக்கட்டை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனை நேர்ந்தும் பியூஸ் ஏன் போகவில்லை என்ற கேள்வி பலருக்கும் எழும். பாடநூல்களில் பியூஸுக்கு ‘உருகி’ என்று அழகான பெயர் இருக்கிறது. உருகவேண்டியது உருகாமல், உருகக் கூடாதது உருகிப்போகும் புதுமையை இங்கே காணலாம். உருகி, மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சும்போது மட்டுமே அறுந்து காக்கின்றது. தளர்ந்த கவ்வியிலோ மின்னோட்டம் மிகுவதில்லை. தடை கூடுவதால் அது சற்றுக் குறையவே செய்கிறது. ஆகவே காவற்காரன் விழித்திருக்கையிலேயே களவு நடந்துவிடுகிறது. இந்த நிலையில் ‘பெரிய பியூஸ் போட்டால் சரியாகும்’ என்று எண்ணுவதைப் போன்ற பேதைமை வேறில்லை. பின்னர் உண்மையாகவே வயர்கள் ஒன்றோடொன்று முட்டும் நாளில், அந்தப் பெரிய பியூஸ் வேடிக்கை பார்த்திருக்க, வயரே எரியத் தொடங்கும்.

மலைநாட்டில் இந்த நோய் அதிகம் தலைகாட்டுவதற்கு ஏற்ற காரணங்கள் பல சேர்ந்திருக்கின்றன. மூடுபனியில் நீண்ட ஒளியைப் போட்டால் அது நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, கண்முன் வெள்ளைச் சுவரை எழுப்பிவிடும். ஆதலால் தாழ்ந்த ஒளியே மணிக்கணக்கில் எரிகிறது. அதற்குரிய கவ்வியும் பொது முனையும் ஓய்வின்றிச் சுடுகின்றன. ஏற்றத்தில் வண்டி மெதுவாகச் செல்வதால் முன்புறத்தில் காற்று வீச்சும் குறைவு. பழுதுபட்ட தோட்டத்துப் பாதையின் குலுக்கம் கவ்வியைத் தளர்த்துகிறது. ஈரம் பித்தளையில் பச்சையை வளர்க்கிறது. போதாக்குறைக்கு, வண்டிகளும் முதியவை. இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுக் காலம் பழைய வண்டிகளையே பேணி ஓட்டவேண்டியிருந்தது.

மங்கலுக்கு மருந்தாகச் சிலர் 100 வாற்றுப் பல்பை வாங்கிப் பொருத்துகின்றனர். 60 வாற்றுக்கு 5 அம்பியர் என்றால் 100 வாற்றுக்கு 8 அம்பியருக்கும் மேல். வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. உருகிய சொக்கட்டுகளுள் பலவற்றின் வரலாறு இந்த ஆசையில் தொடங்கியதே.

இனி, மாற்றும் முறை. பழுதுபார்ப்பவர் எப்பொழுதும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஊர்களில், கைப்பழக்கமுள்ள எவரும் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலை இது. விளக்கை அணைத்து, பல்பு ஆறும் வரை காத்திருந்து, பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்கவேண்டும். பின்னர் சொக்கட்டைப் பிடித்து மெல்ல அசைத்து இழுக்கவேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் வேலை இரட்டிக்கும். பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் பல்பைக் காப்பாற்ற முயலவேண்டாம். அந்தப் பல்பு எவ்வாறாயினும் கழிக்கப்படவேண்டியதே. அதன் முனைகள் கருகிச் சொரசொரத்திருக்கும். அதையே புதிய சொக்கட்டில் செருகினால், பழைய நோய் புதிய உடலுக்குத் தொற்றிவிடும். சொக்கட்டை மாற்றிப் பல்பை மிச்சம் பிடிப்பவர்கள் சில மாதங்களில் இரண்டையும் மீண்டும் வாங்குகின்றனர்.

வெட்டுவதற்கு முன், எந்த நிற வயர் எந்தத் துளைக்குச் செல்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளல் வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி ஊகிப்பது தவறாகும். பல யப்பானிய வண்டிகளில் பொது முனைக்கு எர்த் வருவதில்லை. நேர் மின்னே வருகிறது, ஆளி எர்த் பக்கத்தில் இருக்கிறது. மேலும், கடையில் வாங்கும் சொக்கட்டின் வயர் நிறங்கள் வண்டியின் நிறங்களோடு ஒத்திருக்க வேண்டிய நியதியும் இல்லை. எனவே துளையின் இடத்தையே அடையாளமாகக் கொண்டு, ஒரு வயரை வெட்டி இணைத்து முடித்த பின்னரே அடுத்ததை வெட்டுவது பாதுகாப்பான வழி.

வாங்கும் சொக்கட் பீங்கானால் ஆனதாக இருப்பது நன்று. பிளாஸ்டிக் வகைகளுள் நல்லவையும் இருநூறு பாகைக்கு மேல் இளகத் தொடங்கும்; மலிவானவை அதற்கு வெகு முன்னரே நெளியும். பீங்கானுக்கு அந்தக் கவலை இல்லை. எனினும் பீங்கான் உருகாது என்பதற்காக உள்ளேயுள்ள கவ்வி சூடேறாது என்று பொருளல்ல. கவ்வி இறுக்கமாக இருக்கிறதா என்பதே முதற் சோதனை. சொக்கட்டுடன் வரும் வயர், வண்டியிலுள்ள வயரைவிட மெல்லியதாக இருக்கக்கூடாது. தடித்த மேலுறைக்குள்ளே தலைமயிர் போன்ற செப்பிழைகளை ஒளித்து விற்கும் சரக்கும் சந்தையில் உண்டு. நுனியைச் சீவிப் பார்த்து வாங்குவதில் வெட்கமில்லை.

பழைய வயரை வெட்டும்போது, உள்ளே செம்பு துலக்கமாகத் தெரியும் இடம் வரை பின்னோக்கிச் செல்லவேண்டும். கறுத்த செம்பில் எந்த இணைப்பும் நிலைக்காது. மூன்று வயர்களையும் ஒரே நீளத்தில் வெட்டாமல், ஒன்றுக்கொன்று ஓர் அங்குலம் ஏற்றத்தாழ்வாக வெட்டினால், இணைப்புகள் அருகருகே நின்று உரசமாட்டா. இணைப்பதற்கு, அளவுக்கேற்ற செப்புக் குழலுக்குள் இரு நுனிகளையும் விட்டு அதற்குரிய குறட்டினால் நெரிப்பதே சிறந்தது. நெரித்தபின் நன்றாக இழுத்துப் பார்க்கவேண்டும். வருவதாயின் வீட்டு வாசலில் வந்துவிடட்டும். பற்றாசு வைப்போரும் உளர். ஆயினும் பற்றாசு ஊறிய இடத்தில் வயர் விறைத்துவிடுவதால், ஓயாத குலுக்கத்தில் அதன் ஓரத்தில் முறியக்கூடும். அத்தகைய இணைப்பை வண்டியின் உடலோடு கட்டித் தாங்கவேண்டும். வெறுமனே முறுக்கி நாடா சுற்றுவது மட்டும் எக்காலத்திலும் கூடாது. அது இன்னொரு தளர்ந்த கவ்வியை வயரின் நடுவிலே படைப்பதாகும். நெரிப்பதற்கு முன்பே வயரில் கோத்து வைத்த சூட்டில் சுருங்கும் குழாயை இணைப்பின்மேல் இழுத்துச் சுருக்கிவிட்டால் ஈரம் புகாது. அந்தக் குழாயைக் கோக்க மறந்து இணைப்பை முடித்துவிட்டுத் தலையில் கை வைப்பது இந்த வேலையில் எல்லாருக்கும் நேர்வது.

புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறிக் கண்ணாடியைக் கெடுத்துவிடும். பல்பின் விளிம்பிலுள்ள மூன்று காதுகளும் தத்தம் பள்ளங்களில் சரியாக உட்கார்ந்த பின்னரே கம்பிப் பூட்டை மாட்டவேண்டும். இறப்பர் மூடியை மறவாமல் இறுக்கமாகப் பொருத்தவேண்டும். கிழிந்திருந்தால், மூடுபனி நாட்டில் புதிய மூடி ஒன்றுக்குச் செலவிடும் பணம் வீணாகாது.

பற்றரியை இணைத்து விளக்கை ஏற்றியதும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடலாகாது. பத்து நிமிடம் எரியவிட்டு விளக்கை அணைத்தபின், சொக்கட்டுக்குச் சற்றுப் பின்னே உள்ள வயரைத் தொட்டுப் பார்க்கவேண்டும். இளஞ்சூடு இயல்பு, விரல் வைக்க முடியாத சூடு இயல்பன்று. மின்மானி வைத்திருப்போர், விளக்கு எரியும்போதே பற்றரியின் முனைகளிலும் பல்பின் முனைகளிலும் வோல்ற்றை அளந்து ஒப்பிடலாம். இரண்டுக்கும் இடையே அரை வோல்ற்றுக்கு மேல் வேறுபாடு காணப்பட்டால், நோய் சொக்கட்டோடு நிற்கவில்லை. ஆளியிலோ எர்த் இணைப்பிலோ வேறிடத்திலும் இருக்கிறது. பல பழைய வண்டிகளில் முகவிளக்கின் மின்னோட்டம் முழுவதும் சாரதியின் கையருகே உள்ள சிறிய ஆளியினூடாகச் சென்று மீள்கிறது. அங்கே ஒரு ரிலே பொருத்தி, பற்றரியிலிருந்து தனிப் பியூஸுடன் நேரே தடித்த வயர் கொண்டுவந்தால் ஆளி பிழைக்கும், வெளிச்சமும் கூடும். ஆனால் அதைத் தேர்ந்த மின்வேலைக்காரரிடம் விடுவதே முறை.

மற்றைய விளக்கையும் அன்றே கழற்றிப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. ஒரே மழையில் நனைந்தவை. இறுதியாக, வண்டியைச் சமதரையில், சுவர் ஒன்றுக்கு எதிரே இருபத்தைந்து அடி தூரத்தில் நிறுத்தித் தாழ்ந்த ஒளியைப் போடவேண்டும். சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் மேலே ஏறி நின்றால், பல்பின் காதுகளில் ஒன்று பள்ளத்தில் உட்காரவில்லை என்று கொண்டு, மூடியைத் திறந்து மீண்டும் பொருத்தவேண்டும்.